மிதிகட்டைப் படை

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் ராசிபுரம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காததற்குக் காரணம் எங்கள் நெய்க்கடைக் கேப்டன்தான். வேறு காரணம் சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. எழுந்து போய்விடுவேன்.

பட்டாளத்தில் சேரப் போனவரை உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு சர்க்கார் ஊர்க்காவல் தொண்டர் படை அமைத்ததும், நெய்க்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆள் பிடிக்கக் கிளம்பினார். அகப்பட்டவர்கள் பட்டுத்தறி நெய்யும் நாங்கள். வந்தவனின் புறங்கையைத் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். நெய்யை அப்படிப் பார்த்தே பழகிய மனிதர். "நல்ல சரக்குதானுங்க, சேத்துக்கலாம்" என்பார்.

சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு காக்கிச் சட்டை, ஒரு தடி. கேப்டனுக்கு மட்டும் விசில். குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று அவர் வீட்டம்மா சொல்லிச் சிரிப்பார்.

லெப்ட், ரைட் எங்களுக்கு ஏறவே இல்லை. இந்த நேரம் பார்த்து, சேலத்திலிருந்து துரை பார்வையிட வருகிறார், தேறாவிட்டால் படையைக் கலைத்துவிடுவார் என்று சேதி வந்தது. கேப்டனுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீடுகளுக்கே வந்து, தறிக்குழிக்குள் மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கும் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏனுங்க, நான் கேக்கறது இதத்தானுங்களே. கண்ண மூடிக்கிட்டு, தறி மிதிக்கறதா நெனச்சுக்கோங்க."

அன்றிலிருந்து எங்கள் கால் பிசகவில்லை.

துரை மைதானத்தின் மறுகோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேப்டன் விசில் ஊதினார். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தோம். அப்படியொரு ஒழுங்கு. புழுதி கிளம்பியது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு ஒருவனும் நகரவில்லை.

"முன்னால போங்க சாமி" என்று கேப்டன் கெஞ்சினார்.

"தறியில ஆருங்க முன்னால போவாங்க?" என்றான் என் பக்கத்து வீட்டுச் செங்கோடன், கண்ணைத் திறக்காமலே.

துரை சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். படை கலைந்தது. காக்கிச் சட்டைகளையும் தடிகளையும் விசிலையும் திருப்பிக் கேட்டார்கள். கேப்டன் விசிலை வேட்டி முனையில் துடைத்துக் கொடுத்தார். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், வழக்கம்போல் எங்கள் தெருவுக்குக் காவல் சுற்ற வந்தார். வேட்டியோடு, கையை வீசிக்கொண்டு, தன்னந்தனியாக. செங்கோடன் வீட்டுத் தறி அவருடைய நடைக்குச் சரியாக மிதிபட ஆரம்பித்தது. என் தறியும் சேர்ந்துகொண்டது, பிறகு எதிர்வீட்டுத் தறி. தெரு முழுக்க ஒரே காலடிச் சத்தம். கேப்டன் நின்றார். தறிகளும் நின்றன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ம்... லெப்டுங்க" என்றார்.

அவர் இருந்தவரை அந்தத் தெருவில் அவரைத் தனியாக நடக்க நாங்கள் விடவில்லை.