முதல் போணி

காஞ்சிபுரம்,
18-5-1971.

சிரஞ்சீவி நமச்சிவாயத்துக்கு உன் அப்பா கோதண்டபாணி ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். அவ்விடம் பிலாயில் நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் சுகம்தானா என்பதற்கு எழுதவும். உயிரோடு இருக்கிறேன் என்றது வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல. முந்தாநாள் நான் சவ வண்டியில் படுத்துப் போனதைக் கண்ணால் பார்த்ததாக ஊரிலிருந்து யாராவது எழுதினால், அது பொய் இல்லை. விவரம் சொல்கிறேன், பதறாதே.

நம் பட்டுக்கடைக்காரர்கள் சேர்ந்து நகர முன்னேற்ற தரும சங்கம் ஆரம்பித்தது உனக்குத் தெரியும். முதலில் தெருவுக்கு ஒரு குப்பைத்தொட்டி வைத்தார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் தானம் கொடுத்தவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பெயர். பெரிய மனிதர் தலையிலா குப்பையைக் கொட்டுவது என்று ஜனங்கள் தொட்டியைச் சுற்றிக் கொட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை தொட்டிக்குக் குங்குமம் வைத்தார்கள். அது போகட்டும். அடுத்தபடியாக, தோள் கொடுக்க நாலு பேர் இல்லாத ஏழைகளுக்கென்று ரப்பர் சக்கரம் போட்ட சவ வண்டி ஒன்று செய்தார்கள். பெரிய காஞ்சிபுரத்தார் கைலாச ரதம் என்றார்கள், சின்ன காஞ்சிபுரத்தார் வைகுண்ட ரதம் என்றார்கள், இரண்டு மாதம் சண்டை போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெயரையும் எழுதினார்கள். எழுதியும் வண்டி கொட்டகையிலேயே நின்றது. காரணம் என்ன தெரியுமா? போணி! சங்கத் தலைவர் ஜவுளிக்கடை ஆதிகேசவனுக்குக் காலையில் முதல் வியாபாரம் ராசியான கையால் நடக்க வேண்டும். வண்டிக்கும் அதே கணக்கு. முதலில் ஏறுவது பேரன், கொள்ளுப்பேரன் எடுத்து, மேளதாளத்தோடு போகிற கல்யாணச் சாவாக இருக்க வேண்டுமாம்.

ஊரில் கைராசிக்காரன் யார்? பாழாய்ப்போன நான்தான். எழுபத்தெட்டு வயது, கொள்ளுப்பேரன் மூன்று, போதாததற்கு இருமல். ஒரு மாதமாக ஆதிகேசவன் தினம் வந்து, "இன்னா மாஸ்டர், இருமல் எப்டி இருக்குது? ராவுல தூக்கம் புடிக்குதா?" என்று கேட்பார். "தேவலைப்பா" என்றால் முகம் தொங்கிவிடும். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவன், இவர் அவசரத்துக்காகச் செத்துவிட முடியுமா?

இப்படி இருக்கையில் பக்கத்து வீட்டு நெசவாளி தர்மன் பெண்டாட்டி தேவகிக்கு வாந்திபேதி கண்டது. மூன்று வருஷமாக எனக்குக் காலைக் காப்பி கொண்டுவந்து கொடுத்த பெண். இருபத்திரண்டு வயது. முந்தாநாள் விடியற்காலை ஆறு மணிக்குப் போய்விட்டாள். வாந்திபேதிப் பிணத்துக்கு யார் தோள் கொடுப்பார்கள்? சொந்தக்காரர்கள்கூட ஐயம்பேட்டையிலிருந்து வந்து தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள். வண்டியைக் கேட்டுத் தர்மன் ஓடினான். ஆதிகேசவன் சாவியை மடியில் முடிந்துகொண்டு, "கோச்சுக்காதப்பா. மொத போணியே வாந்திபேதின்னா, அப்பால ஊரே வரிசைல வந்துக்கினு இருக்கும்" என்றார். இதற்காகவே செய்த வண்டியடா அது! பகல் இரண்டு மணி ஆயிற்று. வெயிலில் அந்த வீட்டு வாசலில் நிற்க முடியவில்லை. தர்மன் அவளுக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். 

நேரே ஆதிகேசவன் கடைக்குப் போய், "போணிதானே வேணும்? நான் ஏறிக்கிறேன், தள்ளு வண்டியை" என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் யோசித்து, "குந்திக்கினு வந்தா செல்லாது மாஸ்டர், படுக்கணும்" என்றார். படுத்தேன். மாலை போட்டார்கள். சங்குகூட ஊதினார்கள். பாதித் தெருவில் பூக்கார இந்திராணி மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவர, மனம் கேட்காமல் தலையைத் தூக்கி, "இன்னும் போவலைமா" என்றேன். அவள் மூர்ச்சையாகி விழுந்துவிட்டாள். தெருமுனையில் என்னை இறக்கிவிட்டு, போணி ஆயிற்று என்று எல்லாரும் விலகிக்கொண்டார்கள். பிறகு தர்மன் கால் பக்கம், நான் தலைப் பக்கம் பிடித்துத் தேவகியை ஏற்றி, நாங்கள் இரண்டு பேருமே சுடுகாடு வரை தள்ளினோம். அவள் பாரமே தெரியவில்லை. வழியெல்லாம் அழுதேன், நமச்சிவாயம். உன் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

இதையெல்லாம் எழுதுவது உன்னை வரவழைக்க அல்ல. லீவு இல்லை என்று எழுதியிருந்தாய். வேண்டாம். சங்கத்து வண்டி இப்போது ஓட ஆரம்பித்துவிட்டது, தள்ளத் தர்மன் இருக்கிறான், எனக்கு ஒரு குறையும் வராது. நீ உன் உத்தியோகத்தைப் பார். பேரன்மாருக்கும் கொள்ளுப்பேரன்மாருக்கும் இந்தக் கிழவன் ஆசீர்வாதம். எல்லாரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோதண்டபாணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சங்கக் காரியதரிசி சக்ரவர்த்தி பதிவேட்டோடு வந்தார். அதில் இறந்தவர் பெயர் என்ற இடத்தில் முதலாவதாக என்னை எழுதியிருக்கிறார்கள். விதிப்படி ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் வண்டியாம். "ஒங்க மொறை ஆயிடுச்சே சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நேற்றிலிருந்து எனக்கும் வயிற்றால் போகிறது. இன்று காலையிலிருந்து எட்டுத் தடவை. தந்தி கொடுக்கத் தர்மனை அனுப்பியிருக்கிறேன், இருந்தாலும் இதையும் தபாலில் சேர்க்கிறேன். தோள் கொடுக்கத் தர்மன் ஒருவன்தான் சம்மதித்திருக்கிறான். நீ நெருப்புச் சட்டி பிடிக்க வேண்டியவன், தோள் கொடுக்கக் கூடாது. ஆகையால் உங்கள் தொழிற்சாலையிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு உடனே புறப்படு.