அத்தை கப்பலேறிய படக்கதையை நிறுத்தும்படி விண்ணப்பம்

மயிலாப்பூர்,
பங்குனி, 1968

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சுந்தரவல்லி கருணாகரன் வணக்கம். தாங்களும் அச்சகத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அடுத்த வாரப் படங்களைக் கேட்டு நீங்கள் போட்ட கார்டுக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதை மன்னிக்கவும். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, எனக்குப் புத்தி இப்போதுதான் முளைத்திருக்கிறது.

என் மாமியார் இசக்கியம்மாள் ரங்கூனை விட்டுக் கப்பலேறி மெட்ராஸ் வந்த கதையை உங்கள் சிறுவர் இதழில் படக்கதையாக வரைகிறேனே, அதை இத்தோடு நிறுத்திவிடுங்கள். அங்கே பெண்கள் லுங்கி கட்டுவார்கள், ஏதோ மரப்பட்டையைச் சந்தனம் போல அரைத்துக் கன்னத்தில் வட்டமாகப் பூசுவார்கள், அத்தை இங்கே வந்தும் அந்தப் பூச்சை விடவில்லை. நானும் பி.ஏ. படித்த பெருமையில், உள்ளது உள்ளபடி என்று அந்த வட்டங்களைக் கோடாகப் போட்டு அனுப்ப, உங்கள் அச்சகத்தில் படத்தை அச்சுக்குப் பிளாக் செய்கிறவர் விட்டுப்போன இடமாக்கும் என்று மையால் நிரப்பிவிட்டார். இதழ் வந்த அன்று குழாயடியில் பக்கத்து வீட்டு வேலம்மா, "இன்னாம்மா, உன் மாமியாரு லுங்கி கட்டிக்கினு தாடி வெச்சிக்கினு கீறாங்க, கப்பல்ல மாலுமி வேலையா?" என்கிறாள், பின்னால் அத்தை குடத்தோடு நிற்கிறார், நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன் ஐயா, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் கன்னத்தில் பூச்சு இல்லை, என்னோடு பேச்சு இல்லை. வெறும் முகத்தோடு தூக்கினால் குழந்தை யாரோ என்று வீறிடுகிறது. இவர் சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று, "படம் உன்னை மாதிரியே இல்லையேம்மா" என்றார், அதற்கும் கோபம். டிரங்குப் பெட்டியை இறக்கியாகிவிட்டது, வியாசர்பாடியில் என் கொழுந்தன் வீட்டுக்குப் போகிறாராம். ஒரு தரம் ஊரை விட்டு வந்தவரை இப்போது நான் வீட்டை விட்டும் கிளப்பிவிட்டேன்.

உங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். அவர்களை யாரும் படம் வரையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சுந்தரவல்லி

பி.கு: கவரை ஒட்டுமுன் அத்தை படித்துக் காட்டச் சொன்னார். "தாடி கெடக்கு, விடு. படத்துல கப்பல் கெளம்புது, கரையில ஒரு ஆளக் காணுமே. உன் மாமனார் நின்னாருல்லா?" என்றார். கடையை விற்றுவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்று நின்றவர், வரவேயில்லை. அவர் பேரை அத்தை சொல்லமாட்டார், நானும் கேட்டதில்லை, அவர் இல்லாமலே கப்பலை விட்டுவிட்டேன். "எனக்கு அவர் முகம் தெரியாதே அத்தை" என்றேன். "கப்பல்லேர்ந்து பாத்தா மொகமா தெரியும்? கை ஆட்டினதுதான் தெரிஞ்சுது."

ஆகவே தொடரை நிறுத்த வேண்டாம். ஒரு கட்டத்தில் வரைந்தால் கை ஆடாது. அடுத்த வாரம் மூன்று கட்டம் ஒதுக்குங்கள்.