நாலரை அண்ணன் போட்ட மார்க்

ஹைதராபாத்தில் யாரை வேண்டுமானாலும் வளைத்துவிடலாம், எங்கள் நாலரை அண்ணனைத் தவிர. கச்சிபௌலியில், வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதும் இணையதளம் ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். விமர்சனத்தின் முடிவில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். குப்பைக்கு ஏழு, சுமாருக்கு எட்டு, நன்றாக இருந்தால் ஒன்பது என்பது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். ஏழுக்குக் கீழேயும் எண்கள் இருக்கின்றன என்று கண்டுபிடித்தவர் அண்ணன். முக்கால்வாசி கேமுக்கு நாலரைதான். அதுவே பெயராகிவிட்டது.

ஒருமுறை ஒரு கேம் கம்பெனி, கோட்டை வடிவத்தில் ஆளுயரக் கேக் அனுப்பியது. நாங்கள் கத்தியோடு சூழ்ந்துகொண்டோம்.

"நக்கோ! விமர்சனம் வர்ற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!" என்று குறுக்கே நின்றார். செகந்திராபாத் மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்தவர், கோபம் வந்தால் 'வேண்டாம்' என்பதற்குக்கூட அந்த ஊர் உருதுதான் முந்திக்கொள்ளும். விமர்சனம் வர ஐந்து நாள் ஆனது. கேக்குக்குப் பூஞ்சை வந்தது, கேமுக்கு மூன்று வந்தது.

ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் ஒரு வாக்குமூலம் வேறு எழுதுவார். "இந்தக் கம்பெனி எனக்கு டி-ஷர்ட் தந்தது. தலைக்கு டை அடிக்கும்போது போட்டுக்கொள்கிறேன்." "விளையாடிய வாரம் எனக்குச் சளி. அரை மார்க் அதனால் குறைந்திருக்கலாம்."

பிறகு நான் வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்தேன். நல்ல மார்க் வந்தால்தான் ஜனங்கள் வாங்குவார்கள். இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். விமர்சனம் எழுதும் வேலை அண்ணன் கைக்கே போனது. பதறிப்போய் போன் போட்டேன்.

"அண்ணே, ஒரு ஏழு மட்டும் போட்டுருங்கண்ணே. ரெண்டு வருச உழைப்பு."

"உழைப்புக்கு மார்க் போட நான் என்ன வாத்தியாராப்பா?" என்று வைத்துவிட்டார்.

விமர்சனம் வந்தது. மூன்றாவது கட்டம் அறுவை, இசை காதைக் கிழிக்கிறது என்று வெளுத்து வாங்கியிருந்தார். மார்க் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. அடியில் வாக்குமூலம்: "இதைச் செய்தவன் என் நண்பன். எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்தது கேமா, அவனா என்று தெரியவில்லை. மார்க் போட எனக்கு அருகதை இல்லை."

கேம் விற்கவில்லை. நான் மறுபடியும் வேலைக்குப் போகிறேன். நாலு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், என்னை நண்பன் என்று சொன்னது அன்றுதான். பத்துக்குப் பத்து தருகிறேன் என்றாலும் அந்தக் காலி இடத்தை நான் யாருக்கும் தர மாட்டேன்.