ஊசி குத்துனது மெஷினு, எறங்குனது ஆத்தா

வியாழக்கெழம மதுரைக்குப் போயி ஒரு தோல் டாக்டர்கிட்ட மூஞ்சியக் காட்டிட்டு வரணும். அன்னைக்கு இருந்தது அந்த ஒரு வேலதேன்.

ஏன்னா ஞாயித்துக்கெழம பரளச்சியிலருந்து பொண்ணு வீட்டுக்காரக எங்க வீடு பாக்க வாராக. என் கன்னம் ரெண்டும் பருத் தழும்பு. மழை பேஞ்ச கரிசக்காட்டுல ஆடு நடந்த மாதிரி குழி குழியாக் கெடக்கும். இதுக்கு முந்தி வந்த சம்பந்தமெல்லாம் என் மூஞ்சியப் பாத்ததோட சரி. பரளச்சிக்காரக இன்னும் என் மூஞ்சியப் பாக்கல. இந்தப் புள்ளையவும் விட்டுட்டா அம்புட்டுத்தேன்!

ஒரு வாரமா வீடியோவாப் பாத்து நானே அரை டாக்டராயிட்டேன்.

"லேசரா, ஆர்.எஃப்-ஆ? எது டாக்டர் நல்லது?"

"லேசரு மேல்தோலச் சுட்டு எடுக்கும். குழிக்கு நல்லாக் கேக்கும். ஆனா நம்ம நெறத்துக்குக் கருப்புத் திட்டு விழ வாய்ப்பிருக்கு. ஆர்.எஃப்-ல பொடி ஊசி உள்ள போயி அடியில சூடு குடுக்கும். திட்டு விழுறது கம்மி. வெயில் படாம இருப்பீங்களா?"

"எனக்குப் பந்தல்குடி, டாக்டர். எங்க ஊருல வெயில விட்டா வேற என்ன இருக்கு?"

அந்தம்மா சிரிச்சிட்டாங்க. "அப்ப லேசர் வேணாம். ஆர்.எஃப் பண்ணுவோம். கொஞ்ச நாளைக்குச் செவந்து புள்ளி புள்ளியாத் தெரியும். எதையும் தடவக் கூடாது. வீட்டுல விசேஷம் ஏதும் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

வீடு பாக்க வாரதெல்லாம் ஒரு விசேஷமா? மரமண்ட!

அன்னைக்கே மெஷினு ஊசியக் குத்திக்கிட்டுத் திரும்பி வாரப்ப பஸ்ஸுல பக்கத்து சீட்டு அக்கா என்னய ஒரு பார்வ பாத்தாக. கன்னத்துல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் பின்னாடி போயிட்டாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல.

வீட்டு வாசல்ல அம்மா பாத்துச்சு.

"அய்யோ தாயி! எம்புள்ள மேல எறங்கிட்டியா!"

"அம்மா, இது அம்மை இல்லம்மா. மெஷினு!"

"ஆத்தாவப் போயி மெஷினுங்கிறான் பாரு! கன்னத்துல போட்டுக்கடா!"

போட்டுக்கிட்டேன். ஊசி குத்துன எடத்துலயே. உசுரு போயி வந்துச்சு.

"டாக்டர்கிட்ட போனேம்மா, அவுகதேன்..."

"அம்மை கண்டவன் எதுக்குடா ஆஸ்பத்திரிக்குப் போன? அதேன் ஆத்தா கோவிச்சுக்கிட்டு இம்புட்டுப் புள்ளி போட்டுருக்கா!"

நான் வாயத் தொறக்கத் தொறக்கத் தெய்வக்குத்தம் கூடிக்கிட்டே போச்சு. வாசல்ல வேப்பில சொருகியாச்சு. மூஞ்சி பூராம் வேப்பிலயும் மஞ்சளும் அரைச்சு அப்பியாச்சு. எதையும் தடவக் கூடாதுன்னு சொன்ன டாக்டர் பாத்தா அழுதுருப்பாங்க. தெருச்சனம் வாசலோட நின்னு என்னயக் கும்புட்டுட்டுப் போகுது!

அடுத்து அம்மா பரளச்சிக்குப் போனப் போட்டுச்சு. "வீட்டுல ஆத்தா வந்துருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் வரவேணாம்."

போச்சு! வேப்பிலப் படுக்கையில கெடந்து நெசமாவே அழுதேன்.

ஞாயித்துக்கெழம பொண்ணோட அப்பாவே போன்ல கூப்புட்டாக. சம்பந்தம் வேணாம்னு சொல்லத்தேன்னு நெனச்சு எடுத்தேன்.

"மாப்ள, தண்ணி ஊத்திட்டுச் சொல்லுங்க, வாரோம். பொறகு, மூஞ்சியில தழும்பு கிழும்பு விழுந்துருமோன்னு வெசனப்படாதீக. ஆத்தா போட்ட தழும்ப நாங்க கொறையாவே பேச மாட்டோம்!"

போன வச்சு முடிக்கல, மதுரை ஆஸ்பத்திரியிலருந்து போனு. "சார், அடுத்த சிட்டிங்குக்கு எப்ப வாரீங்க?"

"வேணாம்மா. இருக்குற தழும்பு அப்பிடியே இருக்கட்டும். இப்பத்தேன் அதுக்கு மரியாத கெடச்சிருக்கு."