மாமாவைக் குளிப்பாட்டிய தண்ணீர்

போதும் என்கிற இடத்தில் நிறுத்தத் தெரியாதவன் கையில் பைப் ரெஞ்சைக் கொடுக்கக் கூடாது. யுத்த காலத்துத் தூத்துக்குடியில் என் கையில் கொடுத்துவிட்டார்கள். (கொடுக்கவில்லை; நானே பிடுங்கிக்கொண்டேன்.)

என் மாமனார் தோணித் தண்டல். கொழும்புக்கும் ஊருக்குமாகத் தோணி ஓட்டியே உடம்பெல்லாம் உப்புப் பூத்த மனுஷர். வயதான காலத்தில் அலையாய் அலைந்து வீட்டு முற்றத்துக்கு முனிசிபாலிட்டிக் குழாய் கொண்டுவந்துவிட்டார். எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான். காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். படுக்கையில் விழுந்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“மாப்ளே, நான் செத்தா கெணத்து உப்புத் தண்ணிய ஊத்திராதிய. நல்ல தண்ணியில குளிப்பாட்டுங்க.”

ஒரு விடியற்காலையில் போய்விட்டார். குழாய் தரையிலிருந்து நிமிர்கிற இடத்து எல்போ மூட்டு பல நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று எனக்கு வேகம். நான் தோணிக்குக் கலப்பத்து அடிக்கிறவன்; பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பது தொழில். அங்கே எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவு நல்லது. குழாயும் அப்படித்தானே? மரையில் நூலைச் சுற்றினேன், சுற்றினேன், பனங்கிழங்கு மொத்தத்துக்குச் சுற்றினேன். அதை எல்போவுக்குள் முக்கி முக்கித் திருகி ஏற்றினேன்.

தண்ணீர் வந்தது. ஒரு பொட்டு ஒழுகவில்லை! என் மனைவி ரோசம்மா அழுத கண்ணோடு வாளியை வைத்து நிரப்பினாள்.

“போதும், அதான் நின்னுட்டுல்லா. விடுங்க.”

“நீ சும்மா கெட. இன்னும் ஒரு திருகு.”

ரெஞ்சின் பிடியில் ஏறி நின்றேன். (ஆமாம், காலால்.) டக்கென்று எல்போ பிளந்தது. தண்ணீர் தரையோடு தரையாக மணலுக்குள் பீறிட்டது. குடம் வைக்க இடமில்லை. பதறியடித்துக் கீழே குதித்ததில் வழுக்கி, நிரம்பியிருந்த ஒரே வாளியையும் கவிழ்த்தேன். முனிசிபாலிட்டி ஆள் வந்து தெரு வால்வை மூடுவதற்குள் தண்ணீர் நேரமே முடிந்துவிட்டது. அடுத்த தெருக் குழாய்க்கு ஓடினோம். அங்கேயும் காற்றுதான் வந்தது.

மாமாவுக்கு உப்புத் தண்ணீர்தான். நான்தான் கிணற்றிலிருந்து இறைத்தேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஏலே பாவி, ஒரு திருகு கொறைஞ்சா என்னலே?” என்றார் மாமியார். (மருமகனை அவர் ‘ஏலே’ என்றது அன்று ஒருநாள்தான்.)

அதிலிருந்து எங்கள் வீட்டில் திருகுமூடி போட்ட புட்டியைக்கூட என்னிடம் மூடக் கொடுப்பதில்லை. சண்டை வந்தால் ரோசம்மா, “நீங்க செத்தா ஒங்களுக்கும் உப்புத் தண்ணிதான்” என்பாள். அப்படிச் சொன்னவள் போன மார்கழியில் எனக்கு முந்திக்கொண்டாள்.

அன்று காலை ஒரு வாளி எடுக்கத்தான் குழாயடிப் பக்கம் போக எழுந்தேன். மகன் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

“அப்பா, நீங்க அங்கனயே இருங்க.”

சாவு வீடு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன், அது அப்படியே அழுகையாகிவிட்டது. குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒருவரும் அதை இறுக்கவில்லை. அவளுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது.