மாமாவிடம் கேட்ட ஐந்தாவது ‘ஏன்’

நமக்கு உடன்பாடில்லாத ஒரு கருத்தை மனம் திறந்து கேட்பது உயர்ந்த குணம். பெண் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் அதைக் காட்டக் கூடாது.

நானும் பிரபுவும் காதலித்தோம். குடியாத்தத்தில் பவர்லூம் வைத்து லுங்கி நெய்யும் அவன் அப்பா சம்மதித்தால்தான் கல்யாணம். அவரோ எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று நம்புகிறவர். “அப்பா விதின்னு ஆரம்பிச்சா தலைய மட்டும் ஆட்டு” என்று பிரபு கெஞ்சியிருந்தான்.

நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர். சோல் பிரிந்தால் ‘விதி’ என்று சொல்லித் தப்ப முடியாது. ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுக் காரணத்தைப் பிடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மேனேஜரிடம் திட்டு விழும்.

பெண் பார்க்க வந்த அன்று, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு சோபாவில் கேசரி சாப்பிட்டபடி பிரபுவின் அப்பா, அதாவது என் வருங்கால மாமா, சொன்னார்: “போன வாரம் லூம் நின்னுடுச்சு. எல்லாம் எழுதினபடிதாம்மா.”

நான் மறுக்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டேன் (சத்தியமாக!).

“ஏன் மாமா நின்னுச்சு?”

“மோட்டார் பெல்ட் அறுந்துச்சு.”

“ஏன்?”

“பழசு.”

“ஏன் மாத்தல?”

“கடை மூடியிருந்துச்சு.”

“ஏன்?”

“கடைக்காரர் பொண்ணுக்குப் பிரசவம்.”

அம்மா இருமினார். பிரபு தட்டில் இல்லாத முந்திரியைத் தேடினான். எனக்கோ இன்னும் ஒன்று பாக்கி.

“அன்னிக்கு ஏன் பிரசவம்?”

“அத நான் இன்னான்னும்மா சொல்றது!” என்றவர் சிரித்தார். “பாத்தியா, கடைசில என் பக்கம்தான் வந்து நிக்கிற.”

“நல்ல பாயின்ட் மாமா. எங்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒரு பெல்ட் எக்ஸ்ட்ரா வெச்சிருந்தா லூம் ஓடியிருக்கும்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“வாய் ஜாஸ்திதான்.” மாமா தட்டைக் கீழே வைத்தார். “அப்போ உங்க கல்யாணம் விதி கையிலயா, என் கையிலயா?”

“உங்க கையிலதான். விதிகிட்ட கேக்கறதா இருந்தா கேசரி கிண்டியிருக்க மாட்டோமே!”

“நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பழி என் மேலயா?”

“ஆமா மாமா.”

பிரபு காலித் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டான். மாமா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, செஞ்சு வைக்கிறேன்.”

இப்போதெல்லாம் பிரபு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் அவனிடம் நான் சண்டை போடுவதில்லை. நேராகக் குடியாத்தத்துக்குப் போன். “நான்தானே கட்டி வெச்சேன், என் தப்புதாம்மா” என்று மாமா மொத்தப் பழியையும் ஏற்றுக்கொள்வார். கொஞ்சம் பொறுத்து, ஸ்பீக்கரில் மொத்தக் குடும்பமும் கேட்கும்படி சொல்வார்:

“ஆனா, நீ இன்னிக்கு போன் பண்ணுவேன்னு எழுதியிருந்துச்சு.”

இதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் வழி கிடைக்கவில்லை.