நடிக்காமல் இருக்க ஓர் ஒத்திகை

"ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?" என்று கேட்டார் கணவர், காரை நிறுத்திக்கொண்டே.

"நடிக்காம இருந்து பழகறேங்க."

"பல்லு வலி வந்த மாதிரி இருக்கு."

அவள் காரின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். உண்மைதான். பல்லு வலியேதான்.

அவளுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. நாற்பத்தாறு வயதில், யாரோ ஒரு பெண் பேசிய வீடியோவைப் பார்த்த பிறகு, தனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று சந்தேகம் வந்திருந்தது. சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டை வெட்டுவது, போன் பண்ணுவதற்கு முன் வசனத்தை மனப்பாடம் செய்வது, விசேஷ வீட்டில் பாத்ரூமுக்குள் போய் நிம்மதியாக நின்றுகொள்வது. அட, என் வீட்டில் கேமரா வைத்துவிட்டுப் பேசுகிறாளா இவள்?

உறவுக்காரர்கள் அதற்கெல்லாம் வைத்திருந்த பெயர், திமிர். இத்தனை வருஷத்தில் அவளே பாதி நம்பிவிட்டாள்.

டாக்டர் ஒருவர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், சகஜமாக இருப்பது போல நடித்து நடித்து அது அவளுக்கு அத்துப்படி. டாக்டரிடமும் பழக்க தோஷத்தில் நடித்துத் தொலைத்தால்? 'உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா' என்று அனுப்பிவிடுவார். மறுபடியும் திமிர்தான்.

கிளினிக்குக்குள் போனதும் வரவேற்பில் இருந்த பெண், "வாங்க மேடம், எப்படி இருக்கீங்க?" என்றாள்.

பதில் சொல்லாமல் தரையைப் பார்ப்பது என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று. ஆனால் வாய் தன்பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. "நல்லா இருக்கேன்மா! கம்மல் சூப்பரா இருக்கே, எங்க வாங்கினது?"

அந்தப் பெண் குளிர்ந்துபோய், கம்மல் வாங்கிய கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சரி, இனிமேல் சிரிக்கவே கூடாது. முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மனசு சரியில்லையாம்மா?" என்றார் பக்கத்து நாற்காலிப் பெரியவர். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று இவள் அவர் தடவிக்கொண்டிருந்த முட்டியில் வலியா என்று விசாரிக்க, அவர் தன் மருமகள் வரை போய்விட்டார்.

இனிமேல் வாயே திறக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தலைக்குள் எல்லாம் கலங்க, பதற்றத்தில் வேலைக் குரல் வெளியே வந்துவிட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

குழந்தை கப்சிப். ஒரு நொடி கழித்து, "இன்னொரு ரயில் விடுங்க ஆன்ட்டி!" என்றது. மொத்த ஹாலும் கைதட்டியது. கணவர் கட்டை விரலை உயர்த்தி, "பின்ற போ!" என்றார்.

"போச்சு, எல்லாம் நாசமா போச்சு!" என்று அவர் காதில் கிசுகிசுத்தாள். "இவ்ளோ நல்லா பழகினா யாருங்க நம்புவாங்க?"

பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினாள். நடைவழிக் கோடியில் ஒரு கதவு. திறந்தால் இருட்டான சாமான் அறை. அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பெண் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"லைட்டப் போட்றாதீங்க. அந்த டியூப்லைட் கத்தும்."

"உங்களுக்கும் கேக்குதா?"

"மூளைக்குள்ள கொசு புகுந்த மாதிரி!"

கவிழ்த்து வைத்த வாளி மேல் அறிவிப்பாளர் உட்கார்ந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. யாரும் யாரையும் எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. சொர்க்கம்.

"வெளிய கூட்டமா?"

"ஆமா. இப்பதான் ஒரு ரயில் விட்டுட்டு வரேன்."

"எக்ஸ்பிரஸ்ஸா?"

"பாசஞ்சர்."

"பாவம், எல்லா எடத்துலயும் நிக்குமே."

அறிவிப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. பழகாத சிரிப்பு, மூக்கு வழியாகக் குதிரை கனைத்தது போல. அப்புறம் துணிச்சீட்டிலிருந்து திமிர் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"டாக்டர் முன்னாடி உக்காந்ததும் ஜோரா நடிச்சுடுவேனோன்னுதான் பயம்."

"அந்த ரூமுக்குள்ள போனா எனக்கும் அதே கததான்" என்று அந்தப் பெண் பிஸ்கட்டை உடைத்துப் பாதியை நீட்டினாள். "சிரிச்சு சிரிச்சு கன்னமே வலிக்கும்."

"நீங்க அடிக்கடி வருவீங்களா?"

"தினமும்."

"அய்யோ, அவ்ளோ முத்திடுச்சா!"

படாரென்று கதவு திறந்தது. துடைப்பத்தோடு ஆயா நின்றாள்.

"டாக்டரம்மா, மறுபடியும் இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டீங்களா? அங்க உங்க பேஷன்ட்ட காணோம்னு அவங்க வீட்டுக்காரர் தேடிக்கிட்டு இருக்காரு!"